அறுபத்து நான்கு கட்டத்தின் கணக்கு



கீழே ஓர் எண்ணை எழுதியிருக்கிறோம். கடையில் கூட்டம் குறைந்த வேளையில், பேரேட்டை ஒருபுறம் தள்ளிவைத்துவிட்டு இதைச் சற்றுப் பாருங்கள்.

18,446,744,073,709,551,615

இருபது இலக்கங்கள். நம் தமிழ்க் கணக்கில் வாசிப்பதானால், 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி. அதன்மேல் 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடி. அதன்மேல் 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. மூச்சு வாங்குகிறது அல்லவா? நம்மில் யாருக்கும் இந்தத் தொகைக்கு ரசீது எழுதும் அவசியம் வரப்போவதில்லை. ஆயினும் இந்த எண்ணின் குணங்களைத் தெரிந்துகொண்டால் வியாபாரிக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. நமக்கு அது கொஞ்சம் செலவுடன் கிடைத்தது. அதைப் பின்னால் சொல்வோம்.

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் ஒரு தானிய மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, அடுத்து எட்டு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துக்கொண்டே போனால், அறுபத்து நான்கு கட்டத்திலும் சேரும் மணிகளின் மொத்தத் தொகையே மேலே கண்ட எண். (சதுரங்கம் ஆடலாமா, கூடாதா என்ற மஸ்அலா நமது வேலையன்று. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. நாம் பலகையை மட்டும் இரவல் வாங்குகிறோம்.)

இந்தக் கதையை நம் முன்னோர் எழுதிவைத்த விதம் அழகானது. இப்னு கல்லிகான் என்ற பெரியார் 1211-இல் இர்பில் நகரில் பிறந்து, டமாஸ்கஸில் தலைமைக் காஜியாக இருந்து, 1282-இல் அங்கேயே மறைந்தவர். பெரியோர் பலரின் வரலாறுகளைத் தொகுத்து 'வஃபயாத்துல் அஃயான்' என்னும் நூலை எழுதியவர். அதில், சதுரங்க விளையாட்டில் பேர்போன அபூபக்ர் அஸ்ஸூலி என்பாரின் வரலாற்றைச் சொல்லும்போது, அவரே சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் என்று ஜனங்கள் நினைப்பது தவறு என்று திருத்துகிறார். அதைக் கண்டுபிடித்தவர் இந்தியாவைச் சேர்ந்த ஸிஸ்ஸா இப்னு தாஹிர் என்ற அறிஞர் என்றும், ஒரு மன்னருக்காக அதை உண்டாக்கினார் என்றும் கூறுகிறார். மன்னர் மகிழ்ந்து, "வேண்டியதைக் கேள்" என்கிறார். அறிஞர் கோதுமை மணிகளை மேற்சொன்னபடி கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துத் தருமாறு கேட்கிறார். இவ்வளவு அற்பமாகக் கேட்டுவிட்டாரே என்று மன்னருக்கு மனத்தாங்கல். பிறகு கணக்கர்கள் வந்து, "எஜமானே, நம் களஞ்சியத்தில் மட்டுமன்று, எங்குமே இவ்வளவு கோதுமை இல்லை" என்கிறார்கள்.

இது நடந்ததா, கதைதானா என்று நாம் தர்க்கிக்க வேண்டியதில்லை. நம்மைக் கவர்ந்தது இதற்கு அடுத்து வருவது. காஜி அவர்களுக்கே முதலில் இதில் நம்பிக்கை ஏற்படவில்லையாம். பிறகு அலெக்சாந்திரியா நகரத்துக் கணக்கர் ஒருவர் காகிதத்தில் போட்டுக் காட்டிய பின்னரே ஒப்புக்கொண்டாராம். பெரிய காஜி ஒருவர், ஒரு கணக்குப்பிள்ளையிடம் பாடம் கேட்டேன் என்று தம் நூலிலேயே எழுதிவைத்தது எவ்வளவு உயர்ந்த குணம்!

அந்தக் கணக்கர் காட்டிய வழியை வியாபாரிகள் நன்கு ரசிக்கலாம். அவர் மணி மணியாக எண்ணிக்கொண்டிருக்கவில்லை; அளவையை மாற்றிக்கொண்டே போனார். பதினாறாம் கட்டத்தில் 32,768 மணி. இதை ஒரு 'கதஹ்' என்று வைத்துக்கொண்டார். அது எகிப்து நாட்டின் சிறு படி. பதினாறு கதஹ் ஒரு 'வைபா'. ஆகவே நான்கு கட்டம் தள்ளி, இருபதாம் கட்டத்தில் ஒரு வைபா. ஆறு வைபா ஓர் 'இர்தப்'. அப்படியே இரட்டித்துப் போக, நாற்பதாம் கட்டத்தில் 1,74,762 இர்தப்பும் மூன்றில் இரண்டு பங்கும் வருகின்றன. இதை ஒரு களஞ்சியம் என்றார். ஐம்பதாம் கட்டத்தில் 1,024 களஞ்சியம். இவ்வளவு களஞ்சியம் உள்ளதை ஒரு நகரம் என்று வைத்துக்கொண்டார். அறுபத்து நான்காம் கட்டத்தில் 16,384 நகரங்கள்! உலகத்தில் இதற்கு மேற்பட்ட நகரங்கள் இல்லையே என்று முடித்தார். நாமும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். ஒரு மணிகூடப் பிசகவில்லை.

நிற்க. நாம் கோதுமைக்காரர்கள் அல்லோம், அரிசி விற்பவர்கள். ஆகையால் நமது கடைத் தராசில் புழுங்கலரிசி 10 கிராம் நிறுத்து, ஒரு தட்டில் கொட்டி எண்ணிப் பார்த்தோம். ஏறத்தாழ 500 மணி இருந்தது. உடைந்த நொய்யை மணியாகச் சேர்ப்பதா என்று கடையில் ஒரு வழக்கு நடந்தது. சேர்க்க வேண்டாம் என்று தீர்த்தோம். ஆக, கிலோவுக்கு 50,000 மணி.

பலகையில் வரிசைக்கு எட்டுக் கட்டம். முதல் வரிசை முடிய மொத்தம் 255 மணி, அதாவது ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டியில் அடங்கும். இரண்டாம் வரிசை முடிய 65,535 மணி. ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். ஒரு குடும்பத்துக்கு ஒருநாள் சோறு. மூன்றாம் வரிசை முடிய 335 கிலோ. 50 கிலோ மூட்டையில் ஏழுக்கும் கொஞ்சம் குறைவு. நான்காம் வரிசை முடிய 86 டன். நான்கு கன்டெய்னருக்குள் அடங்கிவிடும்.

இங்கே பலகையில் சரிபாதி முடிந்துவிட்டது. இதுவரை வந்தது, நல்ல மொத்த வியாபாரி ஒருவர் சிரித்த முகத்தோடு கொடுக்கக்கூடிய சரக்கு. மன்னர் ஏன் உடனே சம்மதித்தார் என்பது இப்போது விளங்குகிறது. அவர் முட்டாள் அல்லர். முதற்பாதியைப் பார்த்து இரண்டாம் பாதியை நிதானித்துவிட்டார், அவ்வளவுதான்.

ஐந்தாம் வரிசை முடிய ஏறக்குறைய 22,000 டன். ஒரு கப்பற் சரக்கு. ஆறாவது முடிய 56 லட்சம் டன். ஏழாவது முடிய 144 கோடி டன். எட்டாவது முடிய 36,893 கோடி டன். இந்நாளில் உலகம் முழுவதிலும் ஓராண்டில் விளைந்து அரைத்து வரும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று அதிகம். எனவே ஒருவரும் ஒரு பிடியும் உண்ணாமல் 700 ஆண்டு சேர்த்துவைத்தால் ஸிஸ்ஸாவின் கூலியைக் கொடுக்கலாம்.

இனி எண்ணின் குணங்களைப் பார்ப்போம்.

அறுபத்து நான்கு தொகைகளை எழுதி, அத்தனையையும் கூட்ட வேண்டுமென்றால் நமக்குப் பொழுது விடிந்துவிடும். அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. பக்கத்துக் கடையில் ஒரே ஒரு மணி கைமாற்று வாங்குங்கள். அதை முதற்கட்டத்து மணியோடு சேர்த்தால் இரண்டு. அது இரண்டாம் கட்டத்தில் உள்ளதற்குச் சமம். அந்த இரண்டோடு சேர்த்தால் நான்கு. அது மூன்றாம் கட்டத்துக்குச் சமம். அந்த நான்கோடு சேர்த்தால் எட்டு. இப்படியே உருட்டிக்கொண்டு போனால் கடைசியில் கையில் இருப்பது, பலகையில் இல்லாத அறுபத்தைந்தாம் கட்டத்தின் தொகை. வாங்கிய கைமாற்று ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மீதியே விடை. ஆகவே, எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அதில் இருப்பது, அதற்கு முந்திய எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகையைவிட ஒன்று அதிகம். இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் இதனிடம் வருவோம்.

அந்த அறுபத்தைந்தாம் கட்டத்தை அடைய 64 தடவை இரட்டிக்க வேண்டியதுமில்லை. 973-இல் குவாரிஸம் நாட்டில் பிறந்த அல்பிரூனி, 1000-ஆம் ஆண்டையொட்டி எழுதிய 'அல் ஆதாருல் பாக்கியா' என்ற நூலில் இந்தச் சதுரங்கக் கணக்கைப் போட்டிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட விதி இது: ஒரு கட்டத்தின் தொகையை அதனாலேயே பெருக்கினால், முதற்கட்டத்திலிருந்து அது இருக்கும் தூரத்தைப் போல் இன்னொரு மடங்கு தூரத்திலுள்ள கட்டத்தின் தொகை வரும். ஐந்தாம் கட்டத்தில் 16. பதினாறைப் பதினாறால் பெருக்க 256. அது ஒன்பதாம் கட்டம். ஆகவே 2-இல் தொடங்கி, வந்ததை வந்ததாலேயே பெருக்கிக்கொண்டு போனால்: 4, 16, 256, 65,536, 4,294,967,296, அடுத்தது 18,446,744,073,709,551,616. ஆறே பெருக்கல்! கடைசியில் ஒன்றைக் கழித்துவிட வேண்டியதுதான். கடைசிப் பெருக்கல் மட்டும் முழுத்தாள் ஒன்றை விழுங்கும்.

முழுத்தாளில் போட்ட பெருக்கல் சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கும் பழைய அரபு கணித நூல்களில் ஒரு வழி உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மீஸான்'. தராசு என்ற அதே சொல்தான். எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளி, மீதியை மட்டும் நிறுத்துப் பார்ப்பது. கடைக் கணக்கில் ஓர் உதாரணம்: 16 பெட்டி, பெட்டிக்கு 24 டின், ஆகமொத்தம் 384. 16-க்கு மீதி 7. 24-க்கு மீதி 6. ஏழாறு நாற்பத்திரண்டு, அதன் மீதி 6. 384-இன் இலக்கங்களைக் கூட்ட 15, மீதி 6. இரண்டு தட்டும் சமம்.

நமது பெரிய எண்ணுக்கு வருவோம். மேலே உள்ள ஆறு தொகைகளின் மீதிகளை எடுத்தால் 4, 7, 4, 7, 4, 7 என்று ஊஞ்சல்போல் ஆடுகின்றன. கடைசித் தொகையின் இலக்கங்களைக் கூட்டினால் 88. எட்டும் எட்டும் பதினாறு. ஒன்றும் ஆறும் ஏழு. சரியாக நிற்கிறது. இன்னொரு வேடிக்கை: கட்டம் கட்டமாக மீதி எடுத்தால் 1, 2, 4, 8, 7, 5 என்று வந்து, மறுபடி 1-இல் தொடங்கும். ஒன்றை ஏழால் வகுத்தால் புள்ளிக்குப் பின் முடிவில்லாமல் வரும் 142857-இலும் இதே ஆறு இலக்கங்கள்தாம்.

மீஸானுக்கு ஒரு குறை உண்டு. 384 என்பதை 348 என்று இடம் மாற்றி எழுதிவிட்டால் அது பிடிக்காது; கூட்டினால் அதே 15 தானே! ஆனால் அந்தத் தவறு ஐந்தொகை எடுக்கும்போது வேறு வழியில் மாட்டிக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மிச்சமின்றி வகுபடும். 384-க்கும் 348-க்கும் வித்தியாசம் 36. ஆகவே மாதக் கடைசியில் பற்றும் வரவும் 36, 54, 270 என்பதுபோல் ஒன்பதின் மடங்கில் இடித்தால், முதலில் இலக்கம் இடம் மாறியதா என்று தேடுங்கள். நமது கடையில் இப்படித் தேடிப் பாதி இரவை மிச்சப்படுத்தியிருக்கிறோம்.

இந்த எண் எவற்றால் வகுபடும் என்பதும் ருசியான விஷயம். 99-ஐயும் 101-ஐயும் பெருக்கினால் 9,999. நூறை நூறால் பெருக்கி ஒன்று குறைத்தது. எந்த எண்ணுக்கும் இவ்விதமே. 15-ஐயும் 17-ஐயும் பெருக்க 255. 255-ஐயும் 257-ஐயும் பெருக்க 65,535. இப்படி ஏணிப்படியில் இறங்கிப் பார்த்தால், நமது இருபது இலக்க எண் என்பது 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297 என்று பிரிந்துவிடுகிறது.

இதில் முதல் ஐந்தும் வேறெதாலும் வகுபடாத பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான், இனி இந்த வழியில் வருவன எல்லாமே அப்படித்தான் என்று 1640-ஐ ஒட்டிப் பிரான்சு தேசத்துப் பெர்மா என்ற மேதை நம்பினார். பெரியவர் சொன்னதாயிற்றே என்று அது நின்றது. 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதை அந்த ஆறாவதை 641 வகுக்கிறது என்று கண்டு சொன்னார். 641 × 6,700,417 = 4,294,967,297. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய வகுத்தல் போட அலுப்பாயிருந்தால் மீதிகளைக் கொண்டே காட்டலாம். 65,536-ஐ 641-ஆல் வகுத்தால் 102 முறை போக மீதி 154. அந்த 154-ஐ அதனாலேயே பெருக்க 23,716. இதோடு ஒன்று கூட்டினால் 23,717. அது சரியாக 641 × 37. முடிந்தது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு நின்ற ஒரு பெரியவரின் வார்த்தை, நம் கடைப் பையன் சிட்டையின் பின்பக்கத்தில் போடக்கூடிய கணக்கில் சாய்ந்துவிட்டது. பெர்மா சொன்ன வரிசையில் முதல் ஐந்துக்குப் பிறகு இன்றுவரை வேறொரு பகா எண்ணும் அகப்படவில்லை.

ஆக நமது எண்ணுக்குப் பகா எண்கள் ஏழு. ஒன்றும் இருமுறை வருவதில்லை. ஆகவே அதை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 128. அறுபத்து நான்கின் இரட்டிப்பு! இன்னொன்று. இக்காலத்துக் கணினிகள் பெரும்பாலும் எண்களை 64 விளக்குகளின் வரிசைபோல் வைத்துக்கொள்கின்றன. விளக்கு எரிந்தால் அந்தக் கட்டத்தின் தொகை உண்டு, அணைந்தால் இல்லை. எல்லா விளக்கும் எரிந்தால் வரும் மிகப் பெரிய எண் ஸிஸ்ஸா கேட்ட அதே தொகைதான்.

இப்போது, மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன வாக்கியத்துக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நமக்கு நன்கு பழக்கமான ஒருவர் கடைக்கு வந்தார். ஒரு திட்டம் சொன்னார். 500 வெள்ளி கட்ட வேண்டும். நமக்குக் கீழ் இருவரைச் சேர்த்தால் போட்ட 500 வெள்ளி திரும்பிவிடும். அந்த இருவரும் ஆளுக்கு இருவரைச் சேர்த்தால் நமக்கு இன்னும் 1,000 வெள்ளி. "ரெண்டே ரெண்டு பேருதான் பாய். ரெண்டு பேரு உங்களுக்குக் கிடைக்கமாட்டாங்களா?" என்றார். சரக்கு என்று பெயருக்கு ஏதோ ஒரு தைலக் குப்பி இருந்தது. நாமும் கட்டினோம். தங்கை மகனையும், கடையில் வேலைக்கு நின்ற தம்பியையும் நமக்குக் கீழ் சேர்த்தோம். தம்பி இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்; ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தைக் கொடுத்தார். நாம் சொன்னோம் என்பதற்காகவே கொடுத்தார்.

நமது 500 வெள்ளி இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. அவர்கள் இருவருக்கும் கீழ் யாரும் சேரவில்லை. பிறகு திட்டக்காரரின் கைப்பேசி ஒலிக்கவில்லை. தங்கை மகன் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. நாம் இருவரையும் அழைத்து, "எல்லாம் நஸீபு. சிலருக்குக் கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது" என்று ஆறுதல் கூறினோம். அப்படிச் சொன்னபோது அதை நாமும் நம்பினோம்.

ஓராண்டு கழித்து, தங்கை மகனின் இளையவனுக்குப் பள்ளியில் கொடுத்த சதுரங்கக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தோம். கைமாற்று ஒரு மணியின் வழியை அவனுக்குக் காட்டிக்கொண்டிருக்கையில்தான் நமக்கு உறைத்தது. ஒருவர், அவருக்குக் கீழ் இருவர், அடுத்து நால்வர், எண்மர். இது அதே பலகை! அப்படியானால் கடைசி வரிசையில் நிற்பவர்கள், அவர்களுக்கு மேலே உள்ள எல்லாரையும் கூட்டினாலும் ஒருவர் அதிகம். அவர்களுக்குக் கீழ் யாரும் இல்லை. ஆகவே திட்டம் எந்த நாளில் நின்றாலும், பத்துப் பேரோடு நின்றாலும், கோடிப் பேரோடு நின்றாலும், சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பணத்தை இழந்தே தீர வேண்டும். சேர்ந்தவர்கள் கெட்டிக்காரர்களாயினும் சரி, நேர்மையாளர்களாயினும் சரி, இரவு பகலாக அலைந்தாலும் சரி. நஸீபு என்று நாம் சொன்னதற்கு அங்கே இடமே இல்லை.

நிற்காமல் போய்க்கொண்டேயிருந்தால் என்ன என்று கேட்கலாம். இருபத்தைந்து வரிசை போனால் 33,554,431 பேர். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலேசியாவின் ஜனத்தொகை 3 கோடியே 24 லட்சம். தொட்டிற் பிள்ளையையும் சேர்த்தாலும் ஆள் போதாது. முப்பத்து மூன்று வரிசைக்கு 858 கோடிக்கு மேல். 2022-இல்தான் உலக ஜனத்தொகை 800 கோடியைத் தொட்டது.

நமக்குத் திரும்பிய 500 வெள்ளி யாருடையது என்பதும் அன்று விளங்கியது. அது தைலம் விற்ற லாபமன்று. தங்கை மகனும் தம்பியும் கட்டிய ஆயிரத்தில் பாதி நமக்கு வந்தது, பாதி மேலே போயிற்று. மறுநாள் இருவருக்கும் ஆளுக்கு 500 வெள்ளி கொடுத்தோம். தங்கை மகன், "மாமா, இப்பவாச்சும் கொடுத்தீங்களே" என்று வாங்கிக்கொண்டான். தம்பி வாங்க மறுத்தார். "முதலாளி, உங்களையுந்தானே ஏமாத்துனாங்க" என்றார். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை என்பது நமக்குத் தெரியும். அந்த மாதச் சம்பளக் கவருக்குள் வைத்து, கவரின் மேல் கணக்கையும் எழுதிக் கொடுத்தோம்.

ஸிஸ்ஸாவின் ஒப்பந்தத்தை நம் மார்க்க வியாபாரச் சட்டத்தில் வைத்துப் பார்த்தாலும் இதே இடத்துக்கு வருகிறோம். கொடுக்க வேண்டிய அளவு இன்னதென்று ஒருவருக்குத் தெரியாத ஒப்பந்தத்தை 'கரர்' என்று ஃபிக்ஹுடையோர் விலக்கியிருக்கிறார்கள். மன்னருக்கு அளவு தெரியாது, கேட்டவருக்குத் தெரியும். வட்டியைப் பற்றி ஆலு இம்ரான் சூராவின் 130-ஆம் ஆயத்தில், இரட்டித்து மென்மேலும் பெருகுவதைக் குறித்தே எச்சரிக்கை வந்திருப்பதை ஆலிம்கள் எடுத்துச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தெருவில் கடன் கொடுப்பவனிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி, வட்டிக்கும் வட்டி என்று 1,000 வெள்ளி வாங்கினால், எட்டாம் மாதத்தில் அது இரட்டிப்பைத் தாண்டிவிடும். இரண்டு ஆண்டில் 9,849 வெள்ளி. முதல் மூன்று மாதம் பார்த்தால் 331 வெள்ளிதான் ஏறியிருக்கும். சமாளித்துவிடலாம் என்றே தோன்றும். பலகையின் முதற்பாதி!

பிள்ளைகளுக்கு ஒரு கணக்குத் தருகிறோம். அண்மையில் ஒரு சகோதரர் வேறொரு திட்டத்தோடு வந்தார். இதில் இருவர் அல்ல, மூவரைச் சேர்க்க வேண்டுமாம். ஆகையால் இது வேறு மாதிரி என்கிறார். ஒருவர், அடுத்து மூவர், ஒன்பதின்மர், இருபத்தெழுவர் என்று போகும். நான்கு வரிசைக்கு மொத்தம் 40 பேர். ஐந்தாம் வரிசையில் மட்டும் 81 பேர். இதில் கடைசி வரிசைக்கும் அதற்கு முந்திய எல்லா வரிசைகளின் கூட்டுக்கும் உள்ள விதி என்ன? எத்தனையாவது வரிசையில் மலேசியாவின் ஜனத்தொகை தீர்ந்துபோகும்? காகிதமும் பென்சிலும் போதும். மீஸானில் நிறுத்துப் பார்த்துவிட்டு விடையைச் சங்கத்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். அந்தச் சகோதரரிடம் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பதில் சொல்வதாகத் தவணை வாங்கியிருக்கிறோம்.